2014, 2015ல பென் ஸ்டேட் ஓ-லைன் ஏன் அப்படி நொறுங்குச்சு?

கேள்வி இதுதான்: 2014, 2015 ரெண்டு சீசன்லயும் அமெரிக்காவுல பென்சில்வேனியால இருக்குற பென் ஸ்டேட் யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீமோட ஆஃபென்சிவ் லைன் (சுருக்கமா ஓ-லைன்) ஏன் அவ்ளோ மோசமா இருந்துச்சு, லைன் கோச்ச அப்பவே தூக்கியிருந்தா சரியாகியிருக்காதா, பத்து வருஷம் தாண்டியும் அந்த ஊர் ரசிகர்கள் இன்னும் ஏன் அதப் பேசி மனசு வேகுறாங்க.

நான் அந்த வருஷங்கள்ல அங்கதான் படிச்சிட்டிருந்தேன். பாதி மேட்ச் பீவர் ஸ்டேடியத்துல ஸ்டூடண்ட் பக்கம் நின்னு பாத்தது, மீதி ரூம்ல டிவில பாத்தது. ஒரே வரில சொல்லணும்னா 2014 சீசனோட ஓ-லைன் 2012 கோடைலயே போயிடுச்சு, நாங்க தோத்துக்கிட்டே வந்தப்பதான் எங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது. கோச்ச மாத்தினா என்ன ஆகியிருக்கும்ங்கிறத கடைசில சொல்றேன், முதல்ல இது ஏன் ஒரு வருஷத்துல ரிப்பேர் பண்ற வேலை இல்லைங்கிறது புரியணும்.

அமெரிக்கன் ஃபுட்பால் அதிகம் பாக்காதவங்களுக்காக: பந்து வெச்சிருக்கிற டீம்ல முன்வரிசைல அஞ்சு பேர் குனிஞ்சு நிப்பாங்க, நடுவுல சென்டர், அவனுக்கு ரெண்டு பக்கமும் கார்ட், கார்டுக்கு வெளிய டேக்கிள். ஒவ்வொருத்தனும் 300 பவுண்டு, அதாவது நம்ம கணக்குல 136 கிலோ பக்கம். இவங்க பந்தைத் தொட்டு ஓடப்போறதில்ல, பாஸ் புடிக்க ரூலே விடாது, சென்டர் மட்டும் பந்தைப் பின்னாடி தள்ளிவிடுவான், அதுதான் ஸ்னாப். இவங்க வேலை ரெண்டே ரெண்டு, ஓடுறவனுக்கு வழி திறந்து விடுறது, அப்புறம் பந்தை வீசுற க்வார்ட்டர்பேக்குக்கு ரெண்டரை மூணு செகண்ட் நேரம் வாங்கிக் கொடுக்குறது. அந்த மூணு செகண்ட் கிடைக்கலன்னா எதிராளி உள்ள பூந்து க்வார்ட்டர்பேக்க பந்தோட சேத்துக் கீழ சாய்ச்சிடுவான், அதுக்குப் பேர்தான் ஸாக். ஓ-லைன் நல்லா ஆடினா டிவில யாரும் அவங்க பேரச் சொல்ல மாட்டாங்க, ஒருத்தன் ஒரே ஒரு தடவ சறுக்கினா அதத்தான் மூணு ரீப்ளே போடுவாங்க.

இப்ப முக்கியமான விஷயம். பாஸ் புடிக்கிற ரிசீவரோ, பந்தை வாங்கிட்டு ஓடுற ரன்னிங் பேக்கோ 18 வயசுல காலேஜ் வந்து அந்த வருஷமே ஆடிடலாம், வேகம் இருந்தா போதும். ஓ-லைன்காரன் அப்படி இல்ல. ஸ்கூல்ல எல்லாரையும் விட பெருசா இருந்ததாலயே ஜெயிச்சிட்டு வந்தவன் இங்க வந்தா எதிர்ல நிக்கிறவன் 22 வயசு ஆம்பளை, நாலு வருஷம் வெய்ட் ரூம்ல இரும்பு தூக்கினவன். அதனால முதல் வருஷம் பெரும்பாலும் ரெட்ஷர்ட், அதாவது அப்ப இருந்த ரூல்படி ப்ராக்டிஸ் மட்டும், மேட்ச் கிடையாது. அந்த வருஷம் முழுக்க சாப்பிட்டு எடை ஏத்தணும், ஏத்தின எடை கொழுப்பாகாம பலமா மாறணும், இடுப்பும் கணுக்காலும் வளையப் பழகணும். ரெண்டாவது வருஷம் பெஞ்ச், மூணாவது வருஷம்தான் மேட்ச்சுக்குத் தேறுவான். தென்னங்கன்னு வெக்கிற மாதிரிதான், வெச்ச வருஷம் போய் காய் தேடக்கூடாது, ஆனா வெக்காம விட்ட வருஷம் இருக்கே, அது சில வருஷம் கழிச்சு கட்டாயம் தெரியும்.

மூளையும் வேணும். 2013 வரைக்கும் பென் ஸ்டேட்ல ரைட் கார்டா ஆடின ஜான் அர்ஷல் கணக்குல மாஸ்டர்ஸ் முடிச்சு, டீம்ல ஆடிக்கிட்டே அங்க பசங்களுக்குக் கணக்கு க்ளாஸ் எடுத்தவர், பின்னாடி எம்ஐடில கணக்குல டாக்டரேட் வாங்கினார். எல்லா லைன்மேனும் அர்ஷல் ஆக முடியாது, ஆனா பந்து ஸ்னாப் ஆகுறதுக்கு முன்னாடி அஞ்சாறு செகண்டுல எதிர்ல யார் எங்க நிக்கிறான், யார் வரப்போறான், யார் வர்ற மாதிரி ஏமாத்துறான்னு அஞ்சு பேரும் ஒரே மாதிரி படிக்கணும். நாலு பேர் சரியாப் படிச்சு ஒருத்தன் தப்பாப் படிச்சா அந்த ப்ளே காலி.

சரி, 2012க்கு வருவோம். அந்த டீம்ல ரொம்ப வருஷம் அசிஸ்டெண்ட் கோச்சா இருந்த ஜெர்ரி சேண்டஸ்கி சின்னப் பசங்கள பாலியல் கொடுமை பண்ணினது 2011 நவம்பர்ல வெளிய வந்துச்சு, ஹெட் கோச் ஜோ பெட்டர்னோவ அந்த மாசமே நீக்கினாங்க, 2012 ஜூன்ல சேண்டஸ்கி 45 குற்றச்சாட்டுல குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஃபுட்பால் எல்லாம் ஒரு பேச்சே இல்ல, அந்தப் பசங்க பட்ட கொடுமைக்கு எந்த தண்டனையும் ஈடாகாது, இத நான் ஒப்புக்குச் சொல்லல. 2012 ஜூலை 23 அன்னிக்கு காலேஜ் விளையாட்ட நடத்துற அமைப்பான என்சிஏஏ தண்டனை அறிவிச்சுது: 6 கோடி டாலர் அபராதம், சீசன் முடிஞ்சதும் நல்லா ஆடின டீமுங்க ஆடுற பவுல் மேட்ச்சுக்கு நாலு வருஷம் தடை, அப்புறம் எங்க கதைக்கு முக்கியமானது, ஸ்காலர்ஷிப் வெட்டு. அப்ப மத்த டீமெல்லாம் மொத்தம் 85 பேருக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம், வருஷத்துக்கு 25 பேர எடுக்கலாம்னு இருந்துச்சு, இங்க வருஷத்துக்கு 15, மொத்தம் 65ன்னு எறக்கினாங்க. அதோட இருக்குற ப்ளேயர் யார் வேணா வேற காலேஜுக்குப் போய் உடனே ஆடலாம்னு கதவத் திறந்து விட்டாங்க, இல்லினாய் யுனிவர்சிட்டி கோச்சுங்க பென் ஸ்டேட் இருக்குற ஸ்டேட் காலேஜ்ங்கிற ஊருக்கே வந்து பசங்களக் கூப்பிட்டுப் பேசினாங்க.

25 பேர எடுக்க முடிஞ்சா நாலஞ்சு ஓ-லைன் பசங்கள எடுப்பாங்க, அதுல ரெண்டு பேர் தேறுவாங்க, ஒருத்தன் முட்டி போய் உக்காருவான், ஒருத்தன் படிப்பு ஒத்துவராம போயிடுவான், அதுதான் வழக்கமான கணக்கு. 15 பேர்னா எல்லா இடத்துக்கும் சேத்து 15. க்வார்ட்டர்பேக் வேணும், ரிசீவர் வேணும், டிஃபென்ஸ் வேணும். எந்தக் கோச்சா இருந்தாலும் மூணு வருஷம் கழிச்சுப் பலன் தர்றவன விட நாளைக்கு ஆடுறவனத்தான் எடுப்பார். பெட்டர்னோவுக்கு அப்புறம் ஹெட் கோச்சா வந்த பில் ஓ'ப்ரையன் அந்த நெலமைலயும் 2012ல 8 மேட்ச், 2013ல 7 மேட்ச் ஜெயிச்சுக் காட்டினார், அத யாரும் மறுக்க முடியாது. என்சிஏஏவும் 2013 செப்டம்பர்ல வெட்டக் கொஞ்சம் தளர்த்துச்சு, 2014 செப்டம்பர்ல பவுல் தடையையும் எடுத்துச்சு. ஆனா ஸ்காலர்ஷிப்பத் திருப்பிக் கொடுக்கலாம், போன வருஷங்களத் திருப்பிக் கொடுக்க முடியாதே.

2013 முடிஞ்சதும் ஓ'ப்ரையன் ப்ரொஃபஷனல் லீகான என்எஃப்எல்ல ஹூஸ்டன் டெக்சன்ஸ் டீமுக்குப் போயிட்டார், வேண்டர்பில்ட் காலேஜ்ல இருந்து ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின் ஹெட் கோச்சா வந்தார். அவர் கைக்கு வந்த லைன எண்ணிப் பாருங்க. அர்ஷல் போயாச்சு, சென்டர் டை ஹௌல் போயாச்சு, டேக்கிள் ரெண்டு பேர் கேரி கில்லியம், ஆடம் க்ரெஸ் போயாச்சு, மிச்சம் இருந்த கார்ட் மைல்ஸ் டீஃபன்பாக் அந்த வசந்தகால ப்ராக்டிஸ்ல முட்டி லிகமெண்ட் கிழிஞ்சு படுத்துட்டார். ஒழுங்கா மேட்ச் ஆடின அனுபவத்தோட நின்னது லெஃப்ட் டேக்கிள் டோனவன் ஸ்மித் ஒருத்தர்தான். ரைட் டேக்கிள்ல அப்பதான் ரெட்ஷர்ட் முடிச்ச ஆண்ட்ரூ நெல்சன். கார்டுக்கு ஆள் இல்லாம டிஃபென்ஸ் லைன்ல ஆடிக்கிட்டிருந்த பிரையன் காயா, டெரெக் டவ்ரி ரெண்டு பேரக் கூப்பிட்டு நீங்க இனிமே இந்தப் பக்கம்னு மாத்தினாங்க.

வெளிய இருந்து பாத்தா இதுல என்ன பெருசு, ரெண்டு பக்கமும் குண்டுப் பசங்கதானேன்னு தோணும். நெசத்துல ரெண்டும் நேர் எதிர் வேலை. டிஃபென்ஸ்காரன் முன்னாடி பாயுறவன், பந்து அசைஞ்சதும் பாய்ஞ்சா போதும், தப்பாப் போனாலும் ரெண்டாவது முயற்சி உண்டு. ஓ-லைன்காரன் பாஸ் ப்ளேல பின்னாடி போகணும், 136 கிலோ உடம்ப வெச்சுக்கிட்டு முட்டி மடக்கி, முதுகு நிமிந்து, ரெண்டு காலும் ஒட்டாம, பின்வாங்கிட்டே எதிராளியோட நெஞ்சுல உள்பக்கமா கைய வெக்கணும். கை வெளிப்பக்கம் போனா ஹோல்டிங், 10 யார்டு அபராதம். எடை முன்னாடி சாஞ்சா எதிராளி கையத் தட்டிட்டுப் பக்கத்துல நழுவிடுவான், பின்னாடி சாஞ்சா தூக்கித் தள்ளிட்டுப் போவான். பத்து வருஷமா முன்னாடி பாயுறதுன்னே பழகின உடம்புக்கு மூணு மாசத்துல பின்வாங்கச் சொல்லிக்கொடுத்தா ப்ராக்டிஸ்ல வரும், மூணாவது குவார்ட்டர்ல மூச்சு வாங்குறப்ப பழைய பழக்கம் தானா வெளிய வரும். காயா அப்படி முன்னாடி சரிஞ்சத நானே எத்தனையோ தடவ பாத்திருக்கேன், அப்ப நானும் கத்தினேன், இப்ப நெனச்சா வருத்தமா இருக்கு.

இன்னொண்ணு, ஸ்டண்ட். எதிர் டீம்ல ரெண்டு பேர் ஸ்னாப் ஆனதும் குறுக்கு மறுக்கா எடம் மாறி ஓடுவாங்க, வெளிய நின்னவன் உள்ள, உள்ள நின்னவன் வெளிய. அப்ப கார்டும் டேக்கிளும் ஆளுக்குப் பின்னாடி ஓடாம ஆள மாத்திக் கைல கொடுக்கணும், உன் ஆளு என்கிட்ட, என் ஆளு உன்கிட்டன்னு. இதுக்குப் பேச நேரமே இருக்காது, பக்கத்துல நிக்கிறவன் தோள் அசையறத வெச்சே தெரியணும், மாசக்கணக்கா ஒண்ணா நின்னவங்களுக்குத்தான் அது வரும். 2014ல அடிபட்டு அடிபட்டு ஆள் மாறிக்கிட்டே இருந்தாங்க, ரெண்டாவது வரிசைன்னு ஒண்ணு இல்லாததால ப்ராக்டிஸ்லயும் நெஜமான எதிர்ப்பு கிடையாது. எங்கள ஸ்டண்ட் போட்டே அடிக்கலாம்னு எதிர் டீம் எல்லாத்துக்கும் ஃபிலிம் பாத்தே தெரிஞ்சிடுச்சு.

ஆரம்பம் என்னவோ நல்லாத்தான் இருந்துச்சு. அயர்லாந்து டப்ளின்ல க்ரோக் பார்க்ல முதல் மேட்ச், கடைசி நொடில சாம் ஃபிக்கன் பந்தை உதைச்சு ஃபீல்ட் கோல் அடிச்சு யூசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா) டீம 26-24னு ஜெயிச்சோம், எங்க க்வார்ட்டர்பேக் கிறிஸ்டியன் ஹேக்கன்பெர்க் அன்னிக்கு 454 யார்டு வீசினான். அப்புறம் செப்டம்பர் கடைசில ஹோம்கமிங் அன்னிக்கே நார்த்வெஸ்டர்ன்கிட்ட 29-6. அங்க இருந்துதான் சாயம் வெளுத்துச்சு.

அக்டோபர் 25 ராத்திரி மறக்கவே முடியாது. ஓஹையோ ஸ்டேட், ஒயிட் அவுட், 1 லட்சம் பேருக்கு மேல வெள்ளச் சட்டை. பாதி ஆட்டத்துல 17-0 பின்தங்கியிருந்தோம், மூணாவது குவார்ட்டர்ல ஆந்தணி ஸெட்டல் பந்தைப் பறிச்சு டச்டவுன் ஓடினதும் ஸ்டேடியம் ஆடின ஆட்டம் கால் வழியா ஏறுச்சு, கடைசில 17-17ன்னு சமன் பண்ணிட்டோம். அது முழுக்க டிஃபென்ஸ் பண்ணின வேலை, அந்த வருஷம் எங்க டிஃபென்ஸ் நாட்டுலயே முன்னணி டிஃபென்ஸ்ல ஒண்ணு. ரெண்டாவது ஓவர்டைம், 31-24ன்னு பின்னாடி இருக்கோம், நாலாவது டவுன், அதாவது கடைசி முயற்சி, 5 யார்டு வேணும். பந்து ஸ்னாப் ஆச்சு. அவங்க டிஃபென்சிவ் எண்ட் ஜோயி பாசா வர்றான், அவனத் தடுக்க எதிர்ல நின்னது எங்க ரன்னிங் பேக் அகீல் லிஞ்ச். ஒரு ரன்னிங் பேக், தனியா, பாசா முன்னாடி. பாசா ரெண்டு கையையும் லிஞ்ச் நெஞ்சுல வெச்சு அப்படியே தள்ளிக்கிட்டே வந்தான், லிஞ்ச் கால் ஊணிப் பாக்குறான், கால் சறுக்கிட்டே பின்னாடி போகுது, கடைசில லிஞ்சோட முதுகே ஹேக்கன்பெர்க் மேல மோதி மூணு பேரும் ஒண்ணா விழுந்தாங்க. மேட்ச் முடிஞ்சுது. என் பக்கத்துல நின்ன பையன் கோவப்படக்கூட இல்ல, பேசாம உக்காந்துட்டான்.

அந்த சீசன் முடியுறப்ப ஹேக்கன்பெர்க்க 44 தடவ சாய்ச்சிருந்தாங்க. டீம் ஓடின ஓட்டத்தோட சராசரி ஒரு முறைக்கு 3 யார்டு கூட இல்ல. மேரிலாண்ட்கிட்ட 20-19, இல்லினாய்கிட்ட 16-14ன்னு தோத்தோம், ரெண்டுலயும் பந்தை வரிசையா முன்னாடி கொண்டுபோற ஒரே ஒரு ஒழுங்கான ட்ரைவ் வந்திருந்தா ஜெயிச்சிருப்போம். பவுல்ல பாஸ்டன் காலேஜ 31-30ன்னு ஓவர்டைம்ல ஜெயிச்சதோட 7-6னு முடிஞ்சுது. அதுக்கப்புறம் டோனவன் ஸ்மித்தும் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கறப்பவே என்எஃப்எல் போயிட்டார், காலேஜ் பசங்கள டீமுங்க வரிசையா எடுக்குற ட்ராஃப்ட்ல ரெண்டாவது ரவுண்டுல டாம்பா டீம் எடுத்துக்கிட்டாங்க. அவரக் குத்தம் சொல்ல மாட்டேன், ஆனா இருந்த ஒரே தூணும் போச்சு.

2015 முதல் மேட்ச் டெம்பிள்கிட்ட, பிலடெல்ஃபியால. 10-0ன்னு முன்னாடி இருந்தோம். அப்புறம் வரிசையா 27 பாயிண்ட் வாங்கி 27-10ன்னு தோத்தோம், ஹேக்கன்பெர்க் 10 தடவ சாய்ஞ்சான். டெம்பிள் எங்கள ஜெயிச்சது 1941க்கு அப்புறம் அதுதான் முதல் தடவ. ரூம்ல நாலு பேர் பாத்துக்கிட்டிருந்தோம், ஆறாவதோ ஏழாவதோ ஸாக் ஆனப்ப ஒருத்தன் எழுந்து டிவி சவுண்ட கொறச்சான். ரீப்ளேல ஹேக்கன்பெர்க் கண்ணக் கவனிச்சேன், பந்து கைக்கு வந்ததும் அவன் தூரத்துல ரிசீவரப் பாக்கல, கண்ணு எறங்கி தனக்கு முன்னாடி இருக்கற லைனப் பாக்குது. இதத்தான் நான் அந்த ரெண்டு வருஷத்தோட பெரிய சேதம்னு சொல்லுவேன். தொடர்ந்து அடி வாங்கின க்வார்ட்டர்பேக்குக்கு நல்லா பாதுகாப்பு கிடைக்குற ப்ளேலகூட அடி வரும்னு உடம்பு முந்திக்கும், கால் அவசரப்படும், பின்னங்கால்ல சாஞ்சுக்கிட்டே வீசுவான், பந்து உயரமாப் போகும்.

அவன் மேலயும் கொஞ்சம் தப்பு உண்டு, அத மறைக்கக் கூடாது. பந்தை ரொம்ப நேரம் கைலயே வெச்சிருப்பான், தூக்கி வெளிய எறிய வேண்டியத எறிய மாட்டான். 2014ல 12 டச்டவுனுக்கு 15 இன்டர்செப்ஷன், அதாவது வீசின பந்தை எதிராளி புடிச்சது, எல்லாமே லைனால வந்தது இல்ல. ஆனா 2013ல இதே பையன் எங்க டீம் ஆடுற பிக் டென் லீக்ல அந்த வருஷத்தோட சிறந்த புதுமுகம்னு பேர் வாங்கினவன், இந்த டீமுக்குத் தடை, பவுல் கிடையாதுன்னு தெரிஞ்சும் கொடுத்த வாக்க மாத்தாம வந்தவன், அவன் மேல எனக்கு ஒரு மரியாதை எப்பவும் உண்டு.

இப்ப கோச் கேள்வி. லைன் கோச் ஹெர்ப் ஹேண்ட் மேல வந்த கோவத்துல பாதிய நான் ஏத்துக்க மாட்டேன், இல்லாத ஆள வெச்சு யாரும் லைன் கட்ட முடியாது. 2014 நடுவுல அவர மாத்தியிருந்தா புதுசா வர்றவருக்கும் அதே காயா, அதே டவ்ரி, அதே நெல்சன்தான், அதோட சொல்லிக்கொடுக்குற பாஷையும் மாறி பசங்க இன்னும் குழம்பியிருப்பாங்க. என் கோவமெல்லாம் ஆஃபென்ஸ் நடத்தின விதத்து மேல. லைன் மூணு செகண்ட் தாங்காதுன்னு ஊருக்கே தெரிஞ்சப்புறம் ஒண்ணரை செகண்டுல பந்து கைய விட்டுப் போற ப்ளே போடணும், க்வார்ட்டர்பேக்க ஒரு பக்கமா நகத்தணும், டேக்கிளுக்குத் துணையா அவன் பக்கத்துல நிக்கிற டைட் எண்ட நிறுத்தணும். அது எப்பவாவது ஒரு தடவ வந்துச்சு, அடுத்த ட்ரைவ்லயே பழையபடி ரிசீவர் தூரமா ஓடுற நீளமான ரூட், அதே எடத்துல நிக்கிற க்வார்ட்டர்பேக். ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ஜான் டோனவன 2015 நவம்பர்ல, மிச்சிகன் ஸ்டேட்கிட்ட 55-16ன்னு தோத்தப்புறம் நீக்கினாங்க. ஒரு வருஷம் முன்னாடி நடந்திருக்கணும்னு அப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்றேன்.

ரசிகர்களோட கோவம் ஏன் ஆறலன்னா, பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆனதாலதான். தப்பு பண்ணினவனும் மறைச்சவங்களும் வேற, 2014ல அடி வாங்கின பசங்கள்ல பாதிப்பேர் 2011ல ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தவங்க. அபராதப் பணம் குழந்தைங்கள கொடுமைல இருந்து காப்பாத்துற வேலைக்குப் போகட்டும், அது சரியான தண்டனை. ஆனா ஸ்காலர்ஷிப் வெட்டு யார் உடம்புல விழுந்துச்சுன்னா அந்த அஞ்சு பேர் மேலயும் அவங்களுக்குப் பின்னாடி நின்ன ஒருத்தன் மேலயும்தான். அதப் புரிஞ்சுக்காம நாங்களும் அந்தப் பசங்களயே திட்டினோமேங்கிறது இன்னும் பலருக்கு உறுத்துது, எனக்கும்தான். தண்டனை எடுத்தப்புறமும் லைன் சட்டுனு சரியாகல, 2007ல லீவை ப்ரவுன் என்எஃப்எல் முதல் ரவுண்டுல போனப்புறம் அடுத்த பென் ஸ்டேட் லைன்மேன் அந்த எடத்துக்குப் போனது 2024ல, ஒலு ஃபஷானு.

இன்னிக்கு உங்க டீமோட லைன் இப்படி ஆச்சுன்னா வேற வழி இருக்கு. 2018ல காலேஜ் மாற நெனைக்கிற ப்ளேயருங்க பேர் போடுற ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்துச்சு, 2021ல இருந்து ஒரு வருஷம் உக்காராம அடுத்த டீம்ல உடனே ஆடலாம்னு ஆச்சு, வேற காலேஜ்ல மூணு வருஷம் வளந்த டேக்கிள ஒரே குளிர்காலத்துல கொண்டாந்துடலாம். அப்பயும் அஞ்சு பேர் ஒண்ணா நின்னு பழகுறதுக்கு ஒரு சீசன் வேணும், அத மட்டும் எந்தப் போர்ட்டலும் தராது. 2015ல எங்களுக்கு ரெண்டு வருஷப் படிப்பு இருக்குற ஜூனியர் காலேஜ்ல இருந்து ஆள் எடுக்குறது தவிர பெருசா வழி கிடையாது, அப்படி வந்தவனையும் வந்த உடனே லெஃப்ட் டேக்கிள்ல நிறுத்தினாங்க.

2016ல ஃபோர்டம் காலேஜ்ல இருந்து ஜோ மூர்ஹெட் வந்து ஆஃபென்ஸ மாத்தினார், லைனுக்கு மினசோட்டால இருந்து மேட் லைம்க்ரோவர் வந்தார், ஓடத் தெரிஞ்ச ட்ரேஸ் மெக்சோர்லி க்வார்ட்டர்பேக், பின்னாடி சேக்வான் பார்க்லி. டிசம்பர் 3, இண்டியானாபொலிஸ், பிக் டென் ஃபைனல். விஸ்கான்சின்கிட்ட 28-7ன்னு பின்தங்கியிருந்து 38-31ன்னு ஜெயிச்சோம். ஹேக்கன்பெர்க் அப்ப என்எஃப்எல்ல ஜெட்ஸ் டீம் பெஞ்ச்ல இருந்தான், ட்ராஃப்ட்ல 51வது ஆளா எடுத்தாங்க, கடைசி வரைக்கும் என்எஃப்எல்ல ஒரு ரெகுலர் சீசன் மேட்ச் கூட ஆடல. அன்னிக்கு ராத்திரி நான் மெக்சோர்லியையோ பார்க்லியையோ விட அதிகமாப் பாத்தது சென்டர. பந்தைக் கைல புடிச்சு, தலையத் தூக்கி எதிர்ல யார் யார் நிக்கிறான்னு பாத்து, லெஃப்ட்ல விரல் நீட்டிக் கார்டுக்கு ஏதோ சொல்லிட்டு, ஸ்னாப் பண்ணிட்டு, ரெண்டு எட்டு பின்வாங்கி முதுகு நிமிந்து நின்னான். பிரையன் காயா. 2014ல ஆள் இல்லாம டிஃபென்ஸ்ல இருந்து இழுத்துட்டு வந்த அதே பையன், அஞ்சாவது வருஷம்.